மாடிச் சாவி கிடைச்சாச்சு!

வாங்க, சீக்கிரம் வாங்க! சாவிக்கொத்து நம் கையில் இருக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுவோம். செருப்பைக் கழற்ற வேண்டாம். இன்று நாம் ஏறி இறங்கப்போகிற இடமெல்லாம் தூசி, ஒட்டடை, எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கோ கால் தரையில் பாவவில்லை. ஒரு கல்லூரியின் முன்வாசலையும் விழா மேடையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மெயின் போர்டு அறை, மொட்டை மாடி, மோட்டார் கொட்டகை, விடுதி அடுப்படியின் பின்கட்டு இதெல்லாம் யார் காட்டுவார்கள்?

திருப்பனந்தாள் என்றதும் உங்களுக்குச் செஞ்சடையப்பர் கோயில் நினைவுக்கு வரும்; காசித் திருமடமும், மடத்தின் கலைக் கல்லூரியும் வரும். நாம் போவது அங்கே இல்லை. ஊரைத் தாண்டி, இருபுறமும் வயல் ஓடும் சாலையில் இன்னொரு கல்லூரி. பெயரைப் போடமாட்டேன், ஆட்களின் பெயரையும் எழுதமாட்டேன் என்று சொல்லித்தான் சாவியை வாங்கியிருக்கிறேன். மாசி மாதம். அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கட்டு. காலை எட்டு மணிக்கே வெயில் உறைக்கிறது.

இன்று இங்கே கரண்டுக் கணக்கு எடுக்கிறார்கள். தர மதிப்பீடு செய்ய நாக் (NAAC) குழு வருகிறது என்றால் கல்லூரிக்கு வெள்ளையடிப்பது பழைய வழக்கம். இப்போது அவர்களிடமிருந்து மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிக்கிறீர்கள், சூரியசக்தி உண்டா, மின் தணிக்கை நடத்தினீர்களா என்றெல்லாம் கேள்வி வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2020இல் பசுமை வளாகங்களுக்கென்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. சான்று பெற்ற தணிக்கையாளர் பிறகு வருவார். அதற்கு முன்னால் நாமே ஒரு தரம் வீட்டுக் கணக்குப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பியிருக்கிறது இந்தப் படை. ஒரு இயற்பியல் ஆசிரியை, மூன்றாமாண்டுப் பிள்ளைகள் சிலர், எலக்ட்ரீஷியன் அண்ணன். ஆசிரியை சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார். இனி யாரும் அவரை நிறுத்த முடியாது.

முதலில் மெயின் போர்டு அறை. கதவில் மண்டை ஓடும் '11000 வோல்ட்' எச்சரிக்கையும். உள்ளே போனால் வேறு உலகம்! இறக்கை கழற்றிய ஃபேன்கள் ஒரு மூலையில் குவியல். இறக்கைகள் தனியே ஆணியில். செத்துப்போன சோக்குகள் ஒரு சாக்கு நிறைய. பெயின்ட் டப்பாவில் ஸ்டார்டர்கள். நடுவே ஒரு தினசரிக் காலண்டர், அதன் கீழே அண்ணனின் சாப்பாட்டுத் தூக்கு. "எதையும் தொடாதீங்க சார்"னு ஆரம்பித்தவர், ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் தானே எடுத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

"இது என்ன அண்ணே?"

"டாங் டெஸ்டர். ஒயரை அறுக்க வேணாம், பிரிக்க வேணாம். சும்மா கவ்வ விட்டாப் போதும், எத்தனை ஆம்பியர் ஓடுதுன்னு சொல்லிடும்."

ஒரு மாணவி வாங்கி ஒரு ஒயரைக் கவ்வ விட்டாள். எண் ஓடியது. "வகுப்பே இன்னும் ஆரம்பிக்கலையே, இந்த லைன்ல எதுக்கு இவ்வளவு?" அண்ணன் தலையைச் சொறிந்தார். எல்லோரும் அந்த லைனைத் துரத்திக்கொண்டு ஓடினோம். வராந்தா திரும்பி, படி ஏறி, பூட்டிய ஒரு கருத்தரங்க அறை. கதவைத் திறந்தால் உள்ளே எட்டு ஃபேனும் ஜோராகச் சுற்றுகின்றன! முதல் நாள் மாலைக் கூட்டம் முடிந்ததும் அப்படியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ராத்திரி முழுக்கக் காலி நாற்காலிகளுக்குக் காற்று. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியை எழுதிவிட்டார்.

அந்த நோட்டில் எழுதிய கணக்கை உங்களுக்கும் சொல்லியே ஆகவேண்டும். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் தின்னும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட்டைச் சுற்றியே எடுத்துக்கொள்கிறது. ஒரு வகுப்பில் 6 ஃபேன், நாளைக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் ஒன்றரை யூனிட்டுக்கு மேல். 40 வகுப்பறை இருந்தால் ஒரு நாளைக்கு 65 யூனிட்! 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது. கடையில் நட்சத்திரத்தைப் பார்த்தே வாங்கலாம். சுவரில் இருக்கிற அந்தப் பழைய கறுப்புப் பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா? வேகத்தைக் குறைத்தாலும் கரண்டு அந்த அளவுக்குக் குறையாது; ஒரு பங்கு அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போகிறது. "இத்தனை வருஷமா நான் கை காய்ச்சிக்கிட்டிருந்தது கல்லூரிக் காசுல"ன்னு அண்ணன் சொன்னபோது ஆசிரியைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு இந்தக் கணக்கில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்று கேட்கிறீர்களா? நாம் நிற்கிற இடத்தைப் பாருங்கள். வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. காவிரிக்கு அந்தப் பக்கம் குத்தாலத்தில் டெல்டாவின் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம். பக்கத்திலேயே கதிராமங்கலம், 2017 ஜூன் 30இல் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியதும் அதன்பின் நடந்த போராட்டமும் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. அப்படியும் 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்று மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் ஏறின. எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஏப்ரலில் நீக்கினார்கள். நம் வயலுக்கு வரும் தண்ணீர்கூட மேட்டூரில் கரண்டு கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. பூட்டிய அறையில் சுற்றுகிற ஃபேன் எந்த நிலையத்துக் கரண்டில் சுற்றுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கோ மண்ணுக்கடியிலிருந்து ஏதோ ஒன்றைத் தோண்டி எடுத்துத்தான் அதில் பெரும்பங்கு வருகிறது. நெல் விளைகிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு அதை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, மாடிக்குப் போவோம்! இந்த ஏணியில் கடைசிப் படி ஆடும், பார்த்து.

ஆஹா, என்ன ஒரு புதையல்! டென்னிஸ் பந்துகள், கால் உடைந்த பெஞ்சு, ஒரு மயிலிறகு, யாரோ ஒளித்துவைத்த ஊறுகாய்ப் பாட்டில். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நடுநடுவே பனைகள். மாடியின் ஒரு பாதியில் சூரியப் பலகைகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. பொருத்திய ஆள் இன்று திருகாணிகளைச் சரிபார்க்க வந்திருக்கிறார்; கஜா புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் பலகையை ஏனோதானோ என்று முடுக்குவதில்லை. ஏன் இப்படிச் சாய்வு என்று ஒரு மாணவன் கேட்டான். அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்ன பதில்தான் இன்றைய நாளின் சிறந்த வசனம்:

"தம்பி, நம்மூர்க் கோயில்ல பக்தை தாடகைக்காகச் சாய்ஞ்ச சிவலிங்கத்தைக் குங்கிலியக் கலயனார் தன் கழுத்துல கயிறு கட்டி நிமிர்த்தினாரு. ஆனா இதை அவரே வந்தாலும் நிமிர்த்தக் கூடாது. தெற்கே பார்த்து 11 டிகிரி சாய்வாத்தான் நிக்கணும்!"

திருப்பனந்தாள் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. பலகையின் சாய்வும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு கிலோவாட் பலகைக்குச் சுமார் 10 சதுர மீட்டர் நிழல் விழாத இடம் வேண்டும், நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இங்கேதான் ஆசிரியை நோட்டைத் திருப்பிப் பிள்ளைகளிடம் நீட்டினார். கீழே ஃபேன் மாற்றினால் மிச்சமாகும் என்று போட்டோமே 65 யூனிட், அதை மாடியில் விளைவிக்க எத்தனை கிலோவாட் வேண்டும்? ஒரு பெண் விரலை மடக்கிச் சொன்னாள்: "பதினாறு, மேடம். 160 சதுர மீட்டர் மாடி." எல்லோரும் ஒரு கணம் மாடியைப் பார்த்தோம். பலகை போடுவதற்கு முன்னால் கீழே ஒழுகுவதை அடைக்க வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் இப்படிப் பதிந்திருக்காது.

பலகையில் விரலை வைத்து இழுத்தேன், கோடு விழுந்தது. அறுவடை மெஷின் ஓடும் நாட்களில் வயலிலிருந்து கிளம்பும் சுணையும் தூசியும் இங்கே வந்து படிகின்றன. அண்ணன்தான் கழுவுவார், விடியற்காலையில். கண்ணாடி சூடேறிய பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாதாம். சோப்புத்தூள் கூடாது, நார் கூடாது, பழைய வேட்டித் துணி உத்தமம். ஊருக்குத் தெரிவதெல்லாம் வாசலில் வைத்த 'சூரியசக்தி வளாகம்' பலகை. இருட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு இந்த ஆடும் ஏணியில் ஏறுகிற மனிதரை யார் பார்க்கிறார்கள்?

மாடியின் மறுபாதிக்குச் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து வெள்ளை அடித்திருக்கிறார்கள். வெள்ளை அடிக்காத ஓரத்தில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், பிறகு வெள்ளையில் வையுங்கள். ஒரு பையன் குதித்துக் குதித்து இரண்டையும் சோதித்துக் காட்டினான். வேறு விளக்கமே வேண்டியதில்லை.

அடுத்த காட்சிக்குத்தான் நான் காத்திருந்தேன். தமிழ்த்துறை! பட்டப்பகலில் நாலு டியூப்லைட்டும் எரிகின்றன. ஏன்? கிழக்குப் பக்கம் மூன்று பெரிய ஜன்னல். மூன்றையும் மறைத்துக்கொண்டு இரும்பு பீரோக்கள், அவற்றின் தலையில் உத்தரம் வரை பழைய விடைத்தாள் கட்டுகள். "இந்த ரூமுக்கு ஜன்னல் இருக்கா!" என்று அங்கேயே வேலை பார்க்கும் இளம் ஆசிரியர் ஒருவர் ஆச்சரியப்பட்டார். நகர்த்துவோம் என்று முடிவானது. அடுத்த ஒரு மணி நேரம், சொல்லி மாளாது! சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பேராசிரியர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், "ஐலசா"! ஒரு கட்டு அவிழ்ந்து விடைத்தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லிக் குடும்பம் வெளிநடப்புச் செய்தது. எல்லோர் சட்டையும் தொப்பலாக நனைந்து, மூக்கில் ஒட்டடை.

மூன்றாவது பீரோ நகர்ந்தபோது அதன் அடியில் ஒரு பழைய வருகைப் பதிவேடு. ஓய்வு பெறப்போகிற பேராசிரியர் ஒருவர் இதே கல்லூரியில் படித்தவர். புரட்டிக்கொண்டே வந்தவர், தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்! மாணவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். வரிசையாக 'ஆ', 'ஆ', 'ஆ'. "ஐயா, ஆப்சென்ட்டா!" அறையே அதிர்ந்தது. "நடவு நேரம்டா. எங்கப்பா விட மாட்டாரு" என்று அவர் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. ஜன்னல் கதவைத் திறந்தார்கள். வயல் காற்று உள்ளே வந்தது. டியூப்லைட்டை யார் அணைத்தது என்றே தெரியவில்லை, அணைந்திருந்தது.

காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஜன்னலைத் திறந்துவைப்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கியது. சீனிவாச ராமானுஜன் 1904இல் போய்ச் சேர்ந்த கல்லூரி. காவிரிக் கரையில், உயரமான கூரையும் தாழ்வாரமுமாக, ஆற்றுக் காற்று வந்து போக வழிவிட்டுக் கட்டினார்கள். கட்டியவர்களுக்கு சீலிங் ஃபேன் தெரியாது. வெயிலும் காற்றும் தெரியும். நாம் காற்றுக்கு வாசல் வைத்துவிட்டு அதன் மேல் பீரோவைச் சாத்துகிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கம்ப்யூட்டர் லேப் வாசலில் ஒரு குட்டிச் சண்டை. வெளியே நாமெல்லாம் வியர்வையில். உள்ளே உதவியாளர் ஸ்வெட்டரில்! ஏ.சி. 18இல் ஓடுகிறது. 2020இலிருந்து புது ஏ.சி.க்களைப் போட்டால் 24இல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது; ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் சுமார் 6 சதவீதம் கரண்டு மிச்சம். "மெஷினுக்குக் குளிர் வேணும் மேடம்" என்றார் அவர். "மெஷின் கேட்டுச்சா, நீங்க கேட்டீங்களா?" என்றார் ஆசிரியை. 24க்கு ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் ஸ்வெட்டர் நாற்காலி முதுகில் தொங்கியது. சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் ராத்திரியில் தண்ணீரைக் குளிரவைத்துச் சேமித்துப் பகலில் அந்தக் குளிர்ச்சியைக் கட்டடத்துக்கு ஓட்டுகிறார்கள் என்று ஒரு மாணவன் சொன்னான். "அதுக்குக் காசு வேணும். ஸ்வெட்டரைக் கழட்டக் காசு வேணாம்" என்று அண்ணன் முடித்துவைத்தார்.

மோட்டார் கொட்டகைக்கு ஓடுங்கள், அங்கே ரகளை! மேல்தொட்டி நிரம்பியதைத் தெரிந்துகொள்ள இங்கே ஒரு பழைய ஏற்பாடு: மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால் மோட்டாரை நிறுத்துவது. சத்தம் கேட்கிற இடத்தில் ஆள் இல்லாவிட்டால் கொட்டிக்கொண்டே இருக்கும். நிரம்பினால் தானாக நிற்கும்படி மிதவை ஸ்விட்ச் ஒன்று பொருத்தப்போகிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், தோட்டக்காரத் தாத்தாவைத் தவிர. தண்ணீர் கொட்டுகிற இடத்தில் அவர் வைத்த பூவன் வாழை தார் தள்ளியிருக்கிறது! "மோட்டாரை நிறுத்தறது சரி. என் வாழைக்கு யாரு பதில் சொல்லுவா?" நியாயமான கேள்வி. தணிக்கைக் குழு அங்கேயே தரையில் உட்கார்ந்து யோசித்தது. கடைசியில் விடுதியில் கைகழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்புவது என்று தீர்மானம். தாத்தா மண்வெட்டியால் கோடு கிழித்தே காட்டிவிட்டார், எந்தப் பக்கம் வாட்டம் என்று. கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் பிறந்தவருக்கு வாட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

பசிக்கிறதா? அடுப்படிக்குப் போவோம். பின்கட்டில் ஒரு எரிவாயுத் தொட்டி. முதல் கரைசல் சாணத்தில் ஆரம்பித்து, இப்போது தினமும் காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் சாப்பிட்டு வளர்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் வல்லத்தில், 1988இல் பெண்களுக்கென்றே பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய பெரியார் மணியம்மை வளாகத்தில், கழிவிலிருந்து எரிவாயு எடுப்பதையும் மழைநீரைக் குளத்தில் பிடிப்பதையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் இதற்காக முதல்வரை நச்சரித்தவர்கள். ஆனால் இன்று தொட்டியின் சொந்தக்காரர் சமையல் மாஸ்டர். யாரும் கிட்டே போக முடியாது. "எலுமிச்சம் தோலைப் போட்டது எவன்? தொட்டிக்கு அஜீரணம் வந்தா டீ கிடையாது, சொல்லிட்டேன்!" தொட்டியில் வரும் வாயு பால் காய்ச்சவும் டீ போடவும் ஆகிறது. பெரிய சமையலுக்கு சிலிண்டர்தான். அதிலும் மாஸ்டர் தன் வழியில் மிச்சம் பிடிக்கிறார்: துவரம்பருப்பை ஊறப்போட்டு ஏற்றுவது, அண்டாவை மூடியே வைப்பது, சோறு முக்கால் வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே புழுங்க விடுவது. இதைத் தணிக்கை நோட்டில் எழுதட்டுமா என்று ஆசிரியை கேட்டபோது, "இதெல்லாம் எங்க ஆத்தா சொன்னது, இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று வெட்கப்பட்டார். எழுதினார்கள். டீ, அப்பா, என்ன டீ! இஞ்சி தட்டிப் போட்டு, கொதிக்கக் கொதிக்க.

கடைசியாக ஒன்று பாக்கி. இன்றைய நாளில் என்னைத் துள்ளவைத்தது இதுதான். பூட்டிய அறையில் எட்டு ஃபேன் சுற்றியதே, அதற்கு என்ன வழி? பிள்ளைகள் சென்சார் வைக்கலாம் என்றார்கள், செயலி எழுதலாம் என்றார்கள். வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, சாயந்திரம் எல்லா ரூமையும் கூட்டிப் பூட்டறது நாங்கதானே? எங்ககிட்ட யாரும் எதை அணைக்கணும்னு சொன்னதே இல்லையே? ஒரு போர்டுல பன்னெண்டு ஸ்விட்சு. இன்டர்நெட் பொட்டியை அணைச்சுட்டா சத்தம் போடுறாங்க. அதனால நாங்க ஒண்ணையும் தொடறதில்லை."

ஒரே நிசப்தம். ஆசிரியை நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டார். அக்கா சொன்ன வழி இது: அணைக்கவே கூடாத ஸ்விட்சுக்குச் சிவப்புப் பொட்டு, போகும்போது அணைக்க வேண்டியதற்குப் பச்சைப் பொட்டு. படிக்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரி விடுதிகளில் ஒளிக்கோளங்கள் வைத்தார்கள். கரண்டுச் செலவு வழக்கத்தைவிடக் கூடினால் சிவப்பாகும், குறைந்தால் பச்சையாகும். அதைப்பற்றி ஆசிரியை எப்போதோ வகுப்பில் சொல்லியிருக்கிறார். இங்கே அதையெல்லாம் கேள்விப்படாமலே ஒருவர் துடைப்பத்தோடு நின்றுகொண்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். நான் கைதட்டினேன், எல்லோரும் தட்டினார்கள். அக்கா, "அய்ய, போங்க சார்" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அதோடு விடவில்லை. அந்த அரைமணியிலேயே கருத்தரங்க அறையின் போர்டில் ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுக் காட்ட, அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் பொட்டு வைக்கிறார்கள். பெயின்ட் வழிகிறது, "சாந்துப் பொட்டு மாதிரி சின்னதா வை" என்று ஒருவர் அதட்டுகிறார். நாளை முதல் மாடி, வாரக் கடைசிக்குள் பெண்கள் விடுதி. பச்சைப் பெயின்ட் போதாது என்று கணக்குப் போட்டு, ஒரு மாணவி சைக்கிளை எடுத்துக்கொண்டு திருப்பனந்தாள் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள், பச்சை நெயில்பாலிஷ் எத்தனை பாட்டில் கிடைக்கும் என்று பார்க்க.